மில்காரப் பிள்ளைகள் பக்கம் ஆடினேன்

18-7-1937, ஞாயிறு

இன்று வைகை மணலில் சடுகுடு. வக்கீல் தெருப் பையன்களான எங்களுக்கும், போன வாரம் எங்களோடு கல்லெறிச் சண்டை போட்ட மில்காரப் பிள்ளைகளுக்கும். அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது.

“அப்ப தோத்ததா ஒத்துக்கங்கடா” என்றான் எங்கள் தலைவன் சுந்தரம். எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன்.

அவர்கள் தலைவன் முத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். “மூச்சு நிக்குமா ஒனக்கு?”

கடைசியாகப் பாடிப் போனது நான்தான். சுந்தரம் காலைப் பிடித்துக்கொண்டான். அவனையும் இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டேன். மில்காரப் பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா மாப்ள” என்றான் முத்து. “வாரேன்” என்றேன்.

சுந்தரம் இதை என் அப்பாவிடம் சொல்லாமல் விடமாட்டான். என்ன பதில் சொல்வதென்று யோசிக்கத்தான் உட்கார்ந்தேன். முழங்கால் எரிகிறது, சிரிப்பு வருகிறது, யோசனைதான் வரவில்லை.