உம்மாவைத் துண்டுக்கடியில் கேள்

ஜைனம்பு,

உம்மாவுக்குக் கஞ்சி அடுப்படியில் மூடியிருக்கிறது. தலையை உயர்த்தி வைத்து ஊட்டு.

"இன்னா வாப்பா, ரிட்டயரான கிழடுங்க கூடிப் படிச்சு கலெக்டர் ஆவப் போறீங்களா?" என்று ராத்திரி கத்தினாய். கலெக்டர் வேலை காலியில்லையாம். படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வராமல் புரட்டிப் போடுவதை இன்று பழைய நர்ஸ் திரௌபதி சொல்லித்தருகிறார். அதற்குத்தான் போகிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு வாரம் தெரிந்ததைச் சொல்லித்தருவோம். போன வாரம் என் முறை. இறால் ஏலத்தில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைக் காட்டினேன். "பேச்சு நின்னுபோன உங்க வீட்டம்மாவையும் இப்படிக் கேளுங்க பாய்" என்றார் திரௌபதி.

கேட்டேன். மெட்ராஸில் மறுபடி ஆபரேஷன் செய்யலாமா என்று. செய்யாவிட்டால் அதிக நாள் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. சம்மதமென்றால் விரலைப் பிடி, இல்லையென்றால் உதறு என்றேன். உதறினாள். திரும்பக் கேட்டேன், திரும்பவும் உதறினாள்.

என்னிடம் தலையாட்டினாளே என்பாய். உன் முகத்துக்கு நேராக அவள் வேறென்ன செய்வாள்?

மெட்ராஸ் போக நீ சொல்லிவைத்த பொன்னேரி டாக்ஸி வருவதற்குள் நீயே துண்டைப் போட்டுக் கேள். உதறினால் வண்டியைத் திருப்பி அனுப்பு.

வாப்பா

கேட்கும்போது அழாதே. அழுதால் உனக்காகப் பிடித்துவிடுவாள்.