கட்அவுட் படமும் அவர் சிரிக்காத இடமும்

புரட்டாசி 3, வெள்ளி

காலையில் சுள்ளென்று வெயில், சாயங்காலம் தூறல். நாற்று பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நடவு. செல்வி அக்காவிடம் சொல்லியாச்சு, அவளே ஆள் கூட்டி வருகிறாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்ல வேண்டும். எச்.எம். மூஞ்சி எப்படிப் போகும் என்று இப்போதே தெரியும்.

வாங்க வேண்டியது: யூரியா, பாப்பாவுக்குக் கிராஃப் நோட்டு, தேங்காய் எண்ணெய்.

இரவு ஷார்ஜாவிலிருந்து அவர். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்களாம். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நீ என்ன சொல்ற மலரு?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். போன தடவையும் இதையேதான் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறேன்?

பேச்சை மாற்ற, புதுப்படம் வந்திருக்கிறதே என்றார். அரசியல்வாதி, சினிமா ஹீரோ, யூடியூப்காரன் எல்லாரையும் கிண்டல் பண்ணுகிற படம். ஞாயிறு அவருக்கும் லீவு. அவர் அங்கே, நான் இங்கே, ஒரே நாளில் பார்ப்பது என்று முடிவு. "எங்கெங்க சிரிச்சாங்கன்னு நீ சொல்லணும், நானும் சொல்றேன்" என்றார். கல்யாணமான புதிதில் வாரம் ஒரு படம். அவர் சிரித்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். என் தொடையில் ஓங்கி ஒரு அடி வேறு விழும்.

புரட்டாசி 4, சனி

மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் பரவாயில்லை. டிக்கெட் போட்டாச்சு: நான், பாப்பா, செல்வி அக்கா. அத்தை வரவில்லை, புரட்டாசி சனி, தளிகை வேலை. முழங்கால் வலியும்.

பச்சைச் சேலையா நீலமா? யார் பார்க்கப் போகிறார்கள். இருந்தாலும் பச்சை.

புரட்டாசி 5, ஞாயிறு

கும்பகோணம், மேட்னி ஷோ. பஸ்ஸில் நின்றுகொண்டே. தியேட்டர் நிறைந்து வழிந்தது.

கதை இதுதான். ஒரு ஹீரோ கட்சி ஆரம்பித்த மறுநாளே காணாமல் போகிறான். வேறு வழியில்லாமல் அவனுடைய கட்அவுட்டையே தேர்தலில் நிறுத்துகிறார்கள். அதற்கு மாலை, அதற்குப் பால், அதனோடு கூட்டணிப் பேச்சுவார்த்தை. ஒன்றும் பேசாததாலேயே ஜெயித்துவிடுகிறது.

எங்களுக்கு இடப்பக்கம் ஒரு கட்சிக்காரர்கள், வலப்பக்கம் இன்னொரு கட்சிக்காரர்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் இவர்கள் அவர்களைப் பார்த்து விசில், அவர்கள் இவர்களைப் பார்த்து விசில். தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. பின்னால் காலேஜ் பையன்கள், எந்தக் காட்சி எந்தப் பழைய படத்தைக் கிண்டல் பண்ணுகிறது என்று பொழிப்புரை. ஒரு அம்மா மட்டும், "கட்அவுட்டா இருந்தாலும் ரோடு போட்டுக் குடுத்துச்சுல்ல" என்றார். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

பாப்பா கேட்டாள்: "ஏம்மா, அந்த கட்அவுட்டுக்கும் பொண்ணு இருக்கா?"
"தெரியலடி."
"பாவம்மா. நம்ம அப்பாவாவது போன்ல பேசுறாங்க."

செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை. முட்டை பப்ஸைச் சீண்டுவாரில்லை, புரட்டாசி. வெஜ் பப்ஸ் எங்களுக்கு முன்னாலேயே காலி. பாப்கார்ன் சவசவ.

அப்புறம்தான் அந்தப் பாட்டு. கதாநாயகி ஹீரோவை நினைத்து ஏங்குகிறாள், படத்தில் கிண்டலே இல்லாத ஒரே இடம். வயலில் நடவு. வரிசையாகப் பெண்கள், ஒரே கலர் சேலை, குனிந்து குனிந்து நட்டுக்கொண்டே முன்னால் நடந்து வருகிறார்கள். முன்னால்! நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துக்கொண்டு! எனக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்து செல்வி அக்கா, "அடியே, பின்னாடி போங்கடி" என்று கத்தினாள். அவ்வளவுதான், தியேட்டரே எழுந்துவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

சிரித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன், அவரைப் பார்க்க. பாப்பா பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள். அவர் எப்போதும் என் இடது பக்கம்தான் உட்காருவார்.

அவரும் அங்கே இந்த இடத்தில்தான் சிரித்திருப்பார். தனியாக. சுற்றி எல்லாரும் முறைத்திருப்பார்கள். நினைக்க நினைக்க சந்தோஷம். இரவு போன் வரவில்லை.

புரட்டாசி 6, திங்கள்

புழுக்கம். விடிகாலையில் அவரிடமிருந்து மெசேஜ்: "பாத்தேன். நல்லாருந்துச்சு." அவ்வளவே. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டாஃப் ரூமில் முழுக்க இந்தப் படம்தான். சமூக அறிவியல் சார்: "சட்டப்படி கட்அவுட் வேட்புமனு போட முடியாது மேடம்." தமிழ் டீச்சர்: "போட்டா மட்டும் நீங்க ஓட்டுப் போட மாட்டீங்களாக்கும்." நானும் சிரித்து வைத்தேன். மனசு அங்கே இல்லை.

சிரிக்கவில்லையா அவர்? பெண்கள் முன்னால் நடந்து நட்டது தப்பாகவே படவில்லையா? ஆறு வருஷம் ஏசி மெஷினைக் கழற்றி மாட்டினால் நடவு கூடவா மறந்துபோகும்? அப்படியென்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு என்னென்ன மறக்கும். நினைக்கவே பயமாக இருக்கிறது.

யூரியா வாங்கியாச்சு. எண்ணெய் மறந்தேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

மேகமூட்டம், நடவுக்குத் தோதான நாள். ஏழு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டார்கள்.

நான் வரப்பில் நிற்கும்போது வீடியோ கால். வேலைக்குப் போகிற வண்டியில் இருந்தார். கேட்டேவிட்டேன்: "அந்த நடவுப் பாட்டுல சிரிச்சீங்களா?"

"ஏன், என்ன அதுல?"

சொன்னேன்.

"எப்படி நடுறாங்கன்னு நான் பாக்கல மலரு. வரப்பையே பாத்துட்டிருந்தேன். வரப்பு, தண்ணி, அந்தச் சேறு. பாட்டு முடிஞ்சப்ப பக்கத்துல இருந்த கேரளாக்காரரு டிஷ்யூ எடுத்து நீட்டுறாரு. ஏன் குடுக்குறாருன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது."

நேற்று முழுக்க இந்த மனுஷனைப் போய் என்னென்னவோ நினைத்தேனே.

"கேமராவ அந்தப் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். குனிந்த வாக்கில் பின்னால் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள், என்னை நோக்கி. செல்வி அக்கா நிமிராமலே, "யாரு, நம்ம ஊரு கட்அவுட்டா? ஓட்டுக் கேக்க வந்திருக்கா?" என்றாள். அவர் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. வண்டியில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்: "கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல."

சொல்லிவிட்டேன்.

நடவு வரிசை என் கால்கிட்டே வந்துவிட்டது. "கால எடு மலரு, நீ நிக்கிற எடந்தான் பாக்கி" என்றாள் செல்வி அக்கா. எப்போது வயலுக்குள் இறங்கினேன் என்று தெரியவில்லை. சேலையெல்லாம் சேறு.

"அறுப்பு எப்ப?" என்றார்.

"தையில."

"அறுப்புக்கு நான் நிப்பேன்."

அதற்குள் சிக்னல் போய்விட்டது. கம்பெனிக்காரனிடம் சொல்லட்டும், அப்புறம்தான் நம்புவேன். மத்தியானம் பீரோவிலிருந்து அவர் கைலி இரண்டையும் எடுத்துத் துவைத்துப் போட்டேன். தைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கே, இப்பவே எதுக்கு என்றார் அத்தை. சேறு பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.