கச்சானுக்கு ஆள் பிடித்த கதை

2025 ஜனவரி 6, திங்கள்

கச்சானைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மூன்றாவது வீடும் சரிவரவில்லை.

உப்புவெளி ரீச்சர் ஓட்டோவை விட்டு இறங்கவே இல்லை. "ஜெயரூபி, நல்ல நாய்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா கள்ளன் வந்து காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போறான், இது இருந்து பாத்துக்கொண்டிருக்குது. பக்கத்து வீட்டுக்காரி கண்டவ. நான் இரு எண்டு கை காட்டிப்போட்டுப் போனனான், அப்பிடியே இருந்திருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரீச்சருக்கு வரவில்லை.

பிழை என்னுடையது. "காவலுக்கு இதைவிட ஆள் இல்லை" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லித்தான் கொடுத்தேன். மூன்றாம் கட்டைப் பக்கம் காப்பகம் வைத்துத் தெருநாய்களை எடுத்து வளர்த்த சிந்துஜன் இரண்டு வருடமாகப் பழக்கிய நாய் இது. கை காட்டினால் இருக்கும், வரும், கயிறில்லாமல் பக்கத்தில் நடக்கும். குரைக்காது. அதையும் அவன்தான் பழக்கினான், அயலவர்கள் முறைப்பாடு செய்தபடியால்.

காப்பகக் காணியைச் சொந்தக்காரர் திருப்பி எடுத்துவிட்டார். நாய்களுக்கு வீடு பார்த்துத் தருகிறேன் என்று நான்தான் பொறுப்பெடுத்தேன்; மற்றவைக்கெல்லாம் கிடைத்துவிட்டது. சிந்துஜன் மாதக் கடைசியில் கட்டாருக்குப் போகிறான். அதற்குள் கச்சானுக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால் மறுபடி தெருதான். குரைக்கத் தெரியாத நாயைத் தெருநாய்கள் எத்தனை நாள் விட்டுவைக்கும்?

நான் வைத்திருக்க ஏலாது. தீவனக் கடை. வருகிற சனத்தில் பாதி கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள். நாய் வாய்வைத்த மூட்டையை அவர்களுக்கு விற்பது மரியாதை இல்லை. மேல்மாடியில் எனக்கே ஓர் அறைதான். இப்போதைக்குப் பின்வளவில் நிற்கட்டும்.

ஜனவரி 8

பக்கத்தில் வலைக்கடை லாபிர் நானா காலையிலேயே தொடங்கிவிட்டார். "என்ன ஜெயரூபி, ஒங்கட நாய் நோன்பு புடிக்கிதா? சத்தத்தயே காணல்ல."

"உங்கட வாய்க்கும் சேத்து அது சும்மா இருக்குது நானா."

ஜனவரி 9

ஒருவரும் கேட்கவில்லை. மழை.

ஜனவரி 11, சனி

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் வந்து முழங்காலில் தலையால் முட்டியது. விரட்டினேன். போய்த் திரும்பி வந்து மறுபடி முட்டியது. என்னடா உனக்கு என்று எழும்பிப் போனால், தவிட்டு மூட்டைக்குப் பின்னால் பாம்பு. சாரைதான். ஆனால் போகும்வரை அது சாரை என்று எனக்குத் தெரியாதே!

ஆக, இதற்குச் சொல்லத் தெரியும். சத்தம் போடத்தான் தெரியாது. ஆள் இல்லாத ரீச்சர் வீட்டில் யாருடைய முழங்காலில் போய் முட்டும், பாவம்?

ஜனவரி 13

போனில் ஆறேழு பேர் விசாரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: குரைக்குமா? இந்தமுறை உண்மையைச் சொன்னேன். "குரைக்காத நாயை வச்சு என்ன, பூசையே செய்யிற?" என்று ஒருவர் போனை வைத்துவிட்டார்.

லாபிர் நானாவிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். மனுசன் வலையை மடித்தபடியே சொன்னார்: "ஓட்ட வலய மீன்காரனுக்கா விக்கிற? தோட்டக்காரனுக்கு வேலி கட்டக் குடுக்கிற. அவன் சந்தோசமா வாங்குவான்."

சைக்கிளில் முட்டைப் பெட்டி கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்கப் போன காலத்திலேயே இது எனக்குத் தெரியும். பொருளில் குறை இல்லை. தப்பான ஆட்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். கடை பூட்டு. பின்வளவில் கதிரை போட்டு இருந்து சாப்பிட்டேன். கச்சானுக்கும் ஒரு தட்டு.

ஜனவரி 18, சனி

ஆள் கிடைத்துவிட்டார். அவருக்குத்தான் இன்னும் தெரியாது.

சம்பூர்க் குலசிங்கம் அண்ணை மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்தார். ஒரு காலை இழுத்து நடந்தார். கேட்டேன்.

"என்ர நாயால வந்த வினை, பிள்ளை. வயலுக்க யானை வந்தது. அது பாட்டில திண்டுபோட்டுப் போயிருக்கும். இந்த நாய் போய் வள் வள் எண்டு கிளப்பிப்போட்டு, என்னட்டயே திரும்பி ஓடி வருது! பின்னால யானை. வாய்க்காலுக்க பாஞ்சபடியா உயிர் தப்பினது. காதும் ஒரு பக்கம் மந்தம், யானை கிட்ட வந்தாலும் கேக்காது."

"இப்ப நாய்?"

"மச்சானிட்டக் குடுத்திட்டன். இனி நாய்க் கதை எடுக்காதேங்கோ."

நான் எடுத்தேன். யானை வந்தாலும் குரைக்காது, ஆனால் வந்து சொல்லும் என்றேன். மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புண்ணாக்கோட நாயையும் தலையில கட்டப் பாக்கிறியள்."

"ஓம். நாளைக்குக் கொண்டு வாறன். பாத்துப்போட்டுப் பேசுங்கோ."

ஜனவரி 19, ஞாயிறு

லாபிர் நானாவின் சின்னப் பட்டா லொறியில் சிந்துஜனும் நானும். நாயைப் பின்னுக்கு, சாக்கு விரித்து ஏற்றச் சொன்னார். "முன்னுக்கு மட்டும் வாணாம் தங்கச்சி, புறகு கழுவுற பாடு எனக்குத்தான்."

வயல் குடலைப்பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்தான். குலசிங்கம் அண்ணை முதலில் குறை சொல்லத் தொடங்கினார். காது கிழிஞ்சிருக்கு. வயது போட்டுது. மெலிவு. எனக்குச் சந்தோசம். வாங்க நினைக்காதவன் குறை சொல்லமாட்டான்.

காவல் கொட்டிலில் பிளேன்ரீ குடித்தோம். வெயில் சாயும் நேரம் கச்சான் எழும்பி நின்றது. மூக்கைக் காட்டுப் பக்கம் நீட்டியது. பிறகு போய் முட்டியது — சிந்துஜனை அல்ல, என்னை அல்ல, பிளேன்ரீக் கோப்பையோடு இருந்த குலசிங்கம் அண்ணையை. அவர் "என்ன இது" என்று திரும்பினார். பாலை மரத்தடியில் ஒற்றைக் கொம்பன் யானை நின்றது. எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

சிந்துஜன் கையைத் தாழ்த்தினான். நாய் படுத்தது. ஒரு சத்தமில்லை. நாங்கள் பின்வாங்கி வரம்பால் நடந்து வீட்டுக்கு வந்தோம். கச்சான் குலசிங்கம் அண்ணையின் கால் இழுவைக்கு ஏற்ற வேகத்தில் நடந்தது.

இவ்வளவும் பார்த்தும் மனுசன் என்ன சொன்னார்? "யோசிச்சுச் சொல்லுறன்."

ஜனவரி 22

குலசிங்கம் அண்ணையிடமிருந்து போன் வரவில்லை. நானாக எடுக்கமாட்டேன். எடுத்தால் விலை விழும்.

ஜனவரி 24, வெள்ளி

இன்னும் இல்லை. சிந்துஜன் சூட்கேஸ் வாங்கிவிட்டான். என்னத்த யோசிக்கிறார் இந்த மனுசன்? கண்ணால கண்டவர்தானே. வராட்டி என்ன செய்யிறது — பின்வளவில வச்சிருக்கவா? மூதூர்ச் சனம் கடைக்கு வராது, வியாபாரம் படுக்கும். தெருவில விடவா? விட மாட்டன். அது மட்டும் தெரியும். மிச்சம் தெரியாது.

கதவடியில் படுத்திருக்கிறது. நான் எழுதுவதைப் பார்க்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கடை திறக்க முதல் குலசிங்கம் அண்ணை வாசலில் நின்றார். ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். "கொட்டிலுக்க அதுக்கும் ஒரு பக்கம் இடம் வேணுமே. கூரை ஒழுகினது, மேஞ்சுபோட்டு வாறன்."

பிறகு பேரம். சும்மா தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சும்மா கொடுத்தால் சும்மா கிடைத்ததாகத்தான் நினைப்பார். ஒரு மணித்தியாலம் இழுத்தோம். லாபிர் நானா சாட்சி. சிந்துஜன் கைச்சைகைகளை அவருக்குக் காட்டிக்கொடுத்தான். அவர் கை காட்டியபோதும் கச்சான் இருந்தது, எழும்பியது.

முடிவு இது. அறுவடை முடிய ஒரு மூட்டை நெல் எனக்கு. சங்கிலி போடுவதில்லை. வருடாவருடம் தடுப்பூசி என் செலவு. வைத்திருக்க ஏலாமல் போனால் வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை, என்னிடமே கொண்டுவர வேண்டும். நான்கும் நான் வைத்த நிபந்தனை.

அவர் கேட்டது ஒன்றுதான். "நாய் உங்களைத் தேடி றோட்டையே பாத்துக்கொண்டிருக்கக் கூடாது பிள்ளை. அறுவடை முடியும்வரை நீங்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது."

ஒத்துக்கொண்டேன்.