நான் கட்டிய சுவர்

அன்பு மனைவி ஜமாலுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல, இங்கே நான் காவல் பார்க்கும் விடுதியின் சமையல்காரி நஸ்குல் எழுதுகிறாள்.

பிஷ்கெக்கில் நாம் பேசி வைத்த வீட்டை வாங்கவில்லை. பயப்படாதே, நல்லதுதான் நடந்தது. உள்ளே நுழைந்தால் அடுப்படியும் கூடமும் ஒன்றாகக் கிடந்தன.

“பாத்தீங்களா பெரியவரே, குதிரையே ஓட்டலாம்!” என்றான் வீட்டுக்காரன் எர்மெக்.

“இங்க ஒரு சுவர் இருந்துச்சே, தம்பி?”

“கனவுல பாத்தீங்களா?”

“நாப்பத்தொரு வருஷம் முன்னாடி இந்தக் கட்டடத்துல நான் கொத்தனார்டா. அந்தச் சுவரை நான்தான் கட்டினேன். மேல நாலு மாடியும் அதுமேலதான் நிக்குது.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. அனுமதி வாங்காமல் இடித்திருக்கிறான். நாம் வாங்கியிருந்தால் அபராதமும் சுவரைத் திரும்ப எழுப்பும் செலவும் நம் தலையில் விழுந்திருக்கும்.

நல்லவேளை, நீ இன்னும் பசுக்களை விற்கவில்லை. விலை பேச வருபவனைத் திருப்பி அனுப்பிவிடு.

பஸ்காரரிடம் கம்பளிக் காலுறையும் நீ உருட்டிய உலர்தயிரும் கொடுத்தனுப்பு. இல்லை, நீயே கொண்டு வா. என் காவல் அறையில் இன்னொரு கட்டில் போடலாம். நஸ்குலின் அடுப்பில் கறி தீய்கிறதாம், எழுந்து ஓடப் பார்க்கிறாள். வீட்டைப் பிறகு தேடலாம், நீ முதலில் வா.

உன்
துர்துபாய்