இரண்டு தடவை ஊட்டிய வேர்க்கடலைப் பொடி

என்னங்க,

உங்களை எழுப்ப மனம் வரவில்லை. தையல் ஆலையில் லீவு கேட்டேன், சூப்பர்வைசர் தரவில்லை. கிளம்புகிறேன். பாப்பா உள்ளறையில் தூங்குகிறாள். எழுந்ததும் கஞ்சி மட்டும் கொடுங்கள், அடுப்பின் மேல் இருக்கிறது. மூச்சு இழுத்தால் யோசிக்காமல் தொடையில் ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். புது ஊசி ஃபிரிட்ஜின் மேல்.

வேர்க்கடலைப் பொடியைக் குப்பையில் கொட்டிவிட்டேன். தினம் துளித்துளியாகக் கொடுத்தால் அலர்ஜி பழகிவிடும் என்று சொன்ன, நான் நம்பிய குழந்தை டாக்டரே நேற்று நிறுத்தச் சொல்லிவிட்டார். "குழந்தையை வச்சு விஷப்பரீட்சை வேண்டாம்" என்ற உங்கள் டாக்டர் ஜெயித்துவிட்டார். சந்தோஷமா?

இல்லை, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இந்தப் பொடிச் சண்டையில் பத்து நாளாக என்னோடு பேசாத நீங்கள், நேற்றுக் காலை மனம் இறங்கி, நீங்களே அதைத் தயிரில் கலந்து ஊட்டுவீர்கள் என்று நான் கண்டேனா? அதற்கு முன்பே நான் ஊட்டிவிட்டேன்; இரண்டு பங்கு உள்ளே போய்த்தான் அவளுக்கு மூச்சு அடைத்தது. "கொடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் முதலில் பேசுவது என்று இருந்துவிட்டோம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. இனி எந்த டாக்டரை நம்புவது என்றும் தெரியவில்லை.

சாவி ஆணியில் இருக்கிறது.

தாளில் இடமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நேற்று ஆம்புலன்ஸில், ஊசி போட்டு மூச்சு சீரானதும் பாப்பாவிடம், "ரெண்டாவது தடவைன்னு தெரியாதாடி?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. அப்பா இன்னைக்குத்தான் முதல் தடவையா கலந்து தந்தாரு. வேணாம்னு சொன்னா மறுபடி சண்டை வரும்ல" என்றாள்.