நெஞ்சிலிருக்கும் சுவிட்ச்

என்னங்க,

கப்பலில் வயரிங் வேலை முடிந்ததா? பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தபோது, கதிர் பட வேண்டிய இடத்துக்கு அடையாளமாக என் நெஞ்சில் பச்சை குத்திய நீலப் புள்ளி இருக்கிறதே, அதனடியில் ஒரு கட்டி. "பழசு திரும்பலம்மா, இது புதுசு. அன்னிக்கு உங்களக் காப்பாத்துன கதிராலயே வந்திருக்கலாம்," என்றார் டாக்டர். நான் யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?

அந்தப் புள்ளியை அமுக்கினால் அம்மா சிரிப்பாள் என்று பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டியது நீங்கள்தானே? நேற்றும் ஓடிவந்து அமுக்கினாள். வலியில் எனக்குச் சிரிக்க வரவில்லை.

"சுவிட்ச் ரிப்பேராம்மா? அழாத, அப்பா வந்து சரி பண்ணிடுவாரு," என்கிறாள். எலக்ட்ரீஷியன் மகளாயிற்றே.

லீவு கிடைக்குமா?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா