நெஞ்சுப் பட்டியும் தாலிக்கொடியும்

இஞ்சாருங்கோ,

சைக்கிளையும் எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட் பார்க்குக்குப் போறன். ஒன்பதரைக்கு வந்திடுவன். இடியப்பம் மேசையில மூடியிருக்கு. சொதியைச் சூடாக்குங்கோ, கொதிக்க விடாதேங்கோ. பத்து மணிக்கு அஜக்ஸில இருந்து மாமி வாறா. லிஃப்ட் பழுது, கீழ போய்க் கூட்டி வாங்கோ.

நேற்று நீங்கள் கேட்டதுக்கு நான் பதில் சொல்லேல்லை. பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கித் தந்த இதயத் துடிப்பு மணிக்கூட்டுக்கு நெஞ்சில ஒரு பட்டி கட்ட வேணுமெல்லோ. சைக்கிள் ஓடேக்க தாலிக்கொடி அந்தப் பட்டியில அடிச்சு அடிச்சு, நம்பர் கண்டபடி பாயுது. அதுதான் மூண்டு கிழமையாக் கொடியைக் கழட்டி வைச்சிட்டு ஓடுறன். உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். ஒளிச்சது என்ர பிழைதான்.

கொடியைக் கையில வைச்சுக்கொண்டு, "நான் உயிரோடதானே இருக்கிறன்?" எண்டு சிரிச்சியள். ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன்.

வதனி

கொடி இண்டைக்கும் சாமித்தட்டில, குங்குமச் செப்புக்குப் பின்னாலதான் இருக்கு. மாமி நேரத்தோட வந்தால், அவ விளக்கேத்தப் போக முதல் எடுத்து ஒளிச்சு வையுங்கோ. உங்களையும் கள்ளனாக்கிறன், தெரியும்.

இன்னுமொண்டு. நீங்கள் அதைக் கேட்கேக்க நான் சைக்கிள் ஓடி வந்து அரை மணித்தியாலம். கதிரையில சும்மா இருந்தனான், பட்டி மட்டும் கழட்டேல்லை. மணிக்கூட்டைப் பார்த்தன், துடிப்பு 146. சைக்கிளில பார்க் ஏத்தம் ஏறேக்கயும் அது 138ஐத் தாண்டினதில்லை.